நெல்லையில் எடுத்த ரத்தம் செல் வரைபடத்துக்குப் போய்ச் சேருமா?

பாளையங்கோட்டையில் முதுநிலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: "மனித உடம்பில் இருக்கிற செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைபடம் போடுகிறார்களாமே, நம்ம ஊரில் ரத்தம் எடுத்து ராத்திரி வண்டியில் சென்னைக்கு அனுப்பினால் நாமும் அதைச் செய்ய முடியுமா? எத்தனை செல் தேவைப்படும்? புதிது புதிதாகச் செல் வகை கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?" பார்க்க மூன்று கேள்வி, அடியில் ஓடுவது ஒன்றுதான். உடம்பை விட்டு வெளியே வந்த செல், கருவிக்குள் போகிறவரை உடம்பில் இருந்த மாதிரியே இருக்குமா என்பதுதான் அது. இருக்காது. வெளியே வந்த நிமிடத்திலிருந்தே மாறத் தொடங்கிவிடும். ஆகவே நெல்லையிலிருந்து இந்த வேலையைச் செய்யலாம், ஆனால் முழு ரத்தத்தை ராத்திரி வண்டியில் ஏற்றிச் செய்யக்கூடாது. கடினமான, கவனம் வேண்டிய பகுதி இங்கேயே, ரத்தம் எடுத்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் நடந்துவிட வேண்டும். அதற்குப் பிறகான வேலை எந்த ஊரில் நடந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை.

எதை வரைகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். உடம்பில் சுமார் 37 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே டிஎன்ஏதான். புரதம் செய்யும் மரபணுக்கள் அதில் ஏறக்குறைய 20,000. கல்லீரல் செல்லும் நரம்புச் செல்லும் வேறுபடுவது, அந்த 20,000-இல் எவை இயங்குகின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்பதால். இயங்குகிற மரபணு தூது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும். அந்தப் படிகளை எண்ணினால் செல்லின் அடையாளம் தெரியும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு பார்த்தால் தாமிரபரணியில் எவ்வளவு வண்டல் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அந்த வண்டலை மணிமுத்தாறு கொண்டுவந்ததா, கடனாநதியா, பச்சையாறா, சீவலப்பேரியில் வந்து சேர்கிற சிற்றாறா என்று அந்தக் குடத்தை வைத்துச் சொல்ல முடியாது. திசுவை மொத்தமாக அரைத்து ஆர்என்ஏ எடுக்கும் பழைய முறை அந்தக் குடத்துத் தண்ணீர் மாதிரி. தனிச்செல் முறை ஒவ்வொரு கிளையாற்றின் வாயிலும் நின்று மொள்வது. 2009-இல் சுண்டெலிக் கருவின் ஒரே ஒரு செல்லிலிருந்து ஆர்என்ஏவை முழுதாக வாசித்துக் காட்டினார்கள். 2015-இல் எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்துளிகளில் ஆயிரக்கணக்கான செல்களை ஒரே நேரத்தில் வாசிக்கும் முறை வந்தது. அடுத்த ஆண்டே, அவிவ் ரெகெவ், சாரா டைக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்களின் முன்னெடுப்பில் மனிதச் செல் வரைபடத் திட்டம் லண்டன் கூட்டத்தோடு தொடங்கியது.

துளிமுறையின் உள்வேலை தெரிந்தால்தான் எங்கே கெட்டுப்போகும் என்பது புரியும். தண்ணீரில் மிதக்கும் செல்களும், ஜெல் மணிகளும் மயிரிழை போன்ற கால்வாய்களில் வந்து எண்ணெயைச் சந்திக்கும்போது நுண்துளிகளாக உடைகின்றன. ஒவ்வொரு மணியிலும் லட்சக்கணக்கான சிறு டிஎன்ஏ இழைகள் இருக்கும். ஒரு மணியின் இழைகள் எல்லாவற்றிலும் ஒரே 16 எழுத்துப் பார்கோடு. அதுதான் செல்லின் முகவரி. அதையடுத்து ஒவ்வொரு இழைக்கும் வேறுபடுகிற 12 எழுத்து அடையாளம். அதற்கு யுஎம்ஐ என்று பெயர். கடைசியில் தூது ஆர்என்ஏவின் வாலைப் பிடிக்கிற 'டி' எழுத்து வரிசை. துளிக்குள் செல் உடைந்ததும் அதன் ஆர்என்ஏ இந்த இழைகளில் ஒட்டி டிஎன்ஏவாகப் படியெடுக்கப்படும். பிறகு துளிகளை எல்லாம் உடைத்துக் கலந்துவிட்டாலும் எந்தப் படி எந்தச் செல்லினுடையது என்று பார்கோடு சொல்லிவிடும். பிசிஆர் என்ற டிஎன்ஏ படிபெருக்கத்தில் ஒரு படி ஆயிரமானாலும் யுஎம்ஐ ஒன்றுதான் என்பதால் அதை ஒன்று என்றே எண்ணலாம். இதன் பெரிய குறை, செல்லில் இருக்கிற தூது ஆர்என்ஏவில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்குதான் பிடிபடுகிறது. எனவே ஒரு செல்லில் ஒரு மரபணுவுக்குப் பூஜ்யம் என்று வந்தால் அந்த மரபணு அங்கே இயங்கவில்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. பிடிபடாமல் போயிருக்கலாம். ஒரே வகையைச் சேர்ந்த பல செல்களைச் சேர்த்துப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும்.

இனி ரத்தம். ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் எடுங்கள். பச்சை மூடிக் குழாயில் இருக்கும் ஹெபரின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வந்தால், பின்னால் ஆர்என்ஏவைப் படியெடுக்கும் நொதியைத் தடுத்துவிடும். எடுத்த குழாயை ஐஸ்கட்டியில் புதைக்காதீர்கள். வெயிலில் வண்டிப் பெட்டியிலும் வைக்காதீர்கள். 20 முதல் 25 டிகிரியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெள்ளணுப் பிரிப்பைத் தொடங்கிவிட வேண்டும். ரத்தத்தைச் சம அளவு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கலந்து, 15 மில்லிக் குழாயில் 3 மில்லி ஃபைகால் என்ற அடர்கரைசலை ஊற்றி, அதன் மேல் 4 மில்லி கலவையைக் குழாயைச் சாய்த்துப் பிடித்துச் சுவரோரமாக மெல்ல வழியவிட வேண்டும். இரண்டு படலமும் கலந்துவிட்டால் அந்தக் குழாய் வீண். 400 ஜியில் (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசையில்) 30 நிமிடம், பிரேக் போடாமல் சுழற்ற வேண்டும். பிரேக் போட்டால் குழாய் நிற்கிற குலுக்கலில் நடுவே படிந்த வெண்படலம் கலைந்துவிடும்.

இந்த இடத்தில் நம் ஊர் வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபைகாலின் அடர்த்தி 1.077 என்பது 20 டிகிரிக் கணக்கு. சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத ஆய்வகத்தில் அந்தப் புட்டி 35 டிகிரிக்கு ஏறியிருக்கும். சூடானால் அடர்த்தி குறையும். மேலே நிற்க வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு பங்கு சிவப்பணுக்களோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் நேர்மாறாக நடக்கும்: அடர்த்தி கூடி, அடியில் போக வேண்டிய நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகை வெண்படலத்தில் தங்கிவிடும். "கை சரியில்லை" என்று பழிபோடும் பல தோல்விகளுக்குக் காரணம் புட்டியின் வெப்பம்தான். இன்னொன்று ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. செய்முறைத் தாளில் ஜி என்று இருப்பதை ஆர்பிஎம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுழல் ஆரம் 16 செ.மீ. என்றால் 400 ஜிக்கு ஏறக்குறைய 1,500 ஆர்பிஎம், 10 செ.மீ. ஆரமுள்ள சிறிய சென்ட்ரிஃபியூஜ் என்றால் 1,900. ஜி = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்பிஎம்மின் வர்க்கம்; உங்கள் ரோட்டரின் ஆரத்தை ஸ்கேல் வைத்து ஒருமுறை அளந்து சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெண்படலத்தைப் பைப்பெட்டால் உறிஞ்சி, 300 ஜியில் 10 நிமிடம் ஒருமுறை கழுவுங்கள். அடுத்த கழுவல் 200 ஜிக்கு மேல் வேண்டாம். அப்போதுதான் ரத்தத் தட்டுகள் மேலேயே மிதந்து போகும். ஒரு மில்லி ரத்தத்துக்கு 10 லட்சம் செல் வாக்கில் கிடைத்தால் வேலை சரி. டிரைபான் புளூ என்ற சாயத்தைச் சம அளவு கலந்து நியூபார் அறை என்ற கட்டம்போட்ட எண்ணும் சில்லில் எண்ணும்போது, நான்கு மூலைச் சதுரங்களில் மொத்தம் 200 உயிருள்ள செல் வந்தால், சராசரி 50. அதை 2-ஆலும் 10,000-ஆலும் பெருக்க, மில்லிக்கு 10 லட்சம், அதாவது மைக்ரோலிட்டருக்கு 1,000. கருவிக்குள் ஏற்றும்போது மைக்ரோலிட்டருக்கு 700 முதல் 1,200 வரை கேட்பார்கள் என்பதால் இந்தக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும். நீலம் ஏறிய இறந்த செல்கள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால் மேலே போகாதீர்கள். இறந்த செல் தனக்கு மட்டும் கேடு செய்வதில்லை. அது கசியவிட்ட ஆர்என்ஏ கரைசலில் மிதந்து எல்லாத் துளிக்குள்ளும் புகும். சிவப்பணு உடைந்திருந்தால் ஹீமோகுளோபின் மரபணு டி செல், பி செல் என்ற வெள்ளணுக்களிலும் தெரியும், பார்ப்பவர் குழம்பிப்போவார். கரைசல் ஆர்என்ஏவைக் கணக்கிட்டுக் கழிக்க சூப்எக்ஸ், செல்பெண்டர் போன்ற மென்பொருள்கள் உண்டு. ஓரளவுதான் கழிக்கும்.

கழுவிய செல்களை மில்லிக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி வரை, 90 பங்கு கன்றுச் சீரமும் 10 பங்கு டிஎம்எஸ்ஓ என்ற உறைபாதுகாப்புப் பொருளும் சேர்ந்த கரைசலில் எடுத்து உறைய வைக்க வேண்டும். டிஎம்எஸ்ஓ அறை வெப்பத்தில் செல்லுக்கு நஞ்சு, ஆகையால் கலந்த பிறகு பேச்சுக்கு நேரமில்லை. ஐசோபுரோப்பனால் நிரப்பிய உறைபெட்டியில் குழாய்களை வைத்து மைனஸ் 80 பெட்டிக்குள் தள்ளினால் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும். மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிட வேண்டும். மைனஸ் 80-இலேயே வாரக்கணக்கில் கிடந்தால் உயிருள்ள செல்கள் குறைந்துகொண்டே போகும். திரவ நைட்ரஜன் நமக்குப் புதிதில்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போட வைத்திருக்கும் கேன்களில் இருப்பது அதேதான். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. எங்கே கேட்பது, எப்படிக் கையாள்வது என்று தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். உருக்கும்போது 37 டிகிரித் தண்ணீரில் மிளகளவு ஐஸ் மிஞ்சும்வரை மட்டும் வைத்து, வெதுவெதுப்பான ஊடகத்தை முதல் ஒரு மில்லி சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சட்டென ஊற்றினால் கரைசல் செறிவு மாற்றத்தில் செல்கள் ஊதி வெடிக்கும்.

ராத்திரி வண்டி ஏன் ஆகாது என்பது இப்போது புரிந்திருக்கும். காலையில் எடுத்த ரத்தம் சாயங்கால வண்டி ஏறி மறுநாள் எழும்பூரில் இறங்கி ஆய்வகம் சேர்வதற்குள் 24 மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் நியூட்ரோபில்களின் அடர்த்தி மாறி வெண்படலத்தில் கலக்கும். மோனோசைட் என்ற வெள்ளணுக்களும் டி செல்களும் அடைபட்ட குழாயின் நிலைக்குத் தக்கபடி மரபணுக்களை இயக்கியிருக்கும். வரைபடத்தில் தெரிவது அந்த மனிதரின் நோயா, ரயில் பயணமா என்று பிரிக்க வழியில்லை. உறைந்த செல் என்றால் மைனஸ் 150-க்குக் கீழே வைத்திருக்கும் நைட்ரஜன் ஆவிக் குடுவை நல்லது. ஓரிரு நாள் பயணத்துக்கு டிரை ஐஸ் போதும். தெர்மகோல் பெட்டிக்கு நாளொன்றுக்கு 5 கிலோ என்று கணக்கிட்டு, ஒருநாள் அதிகமாகவே போடுங்கள். பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடாதீர்கள். ஆவியாகும் கார்பன் டை ஆக்சைடு பெட்டியை வெடிக்கச் செய்யும். வெள்ளிக்கிழமை அனுப்பவே வேண்டாம்.

இன்னொரு வழி நம்மைப் போன்ற ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தம் என்பது என் கருத்து. பிரித்த செல்களை உடனே ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திவிட்டால் மரபணு இயக்கம் அந்த நொடியில் நின்றுவிடும். அப்படி நிலைப்படுத்திய செல்களை 96 குழித் தட்டில் பிரித்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு பார்கோடு ஒட்டி, மறுபடி ஒன்றாகக் கலந்து, மறுபடி 96-ஆகப் பிரித்து என்று மூன்று சுற்றுப் போனால் 96 × 96 × 96, அதாவது 8,84,736 முகவரிகள் உண்டாகும். துளிக்கருவியே தேவையில்லை; செல்லே துளியின் வேலையைச் செய்கிறது. மாதக்கணக்கில் மாதிரிகளைச் சேர்த்து ஒரே நாளில் ஓட்டலாம். ஆனால் நிலைப்படுத்தும் நேரம், வெப்பம், செறிவு மூன்றும் எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடிப்போனால் ஆர்என்ஏ வெளியே வராது. குறைந்தால் செல் வழியிலேயே உடையும்.

ரத்தம் எளிது, ஏனென்றால் செல்கள் ஏற்கெனவே தனித்தனியாக மிதக்கின்றன. குடல், தோல், நுரையீரல் என்று திசுவுக்குப் போனால் பிரிப்பதே பெரும்பாடு. கொலாஜினேஸ் நொதியில் 37 டிகிரியில் அரைமணி நேரம் ஊறவைக்கும்போது செல்கள் தாங்கள் தாக்கப்படுவதாக உணர்ந்து ஃபாஸ், ஜுன், வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுக்களை எழுப்பிவிடும். இதைத் தெரியாமல் அழற்சி என்று எழுதியவர்கள் உண்டு. 6 டிகிரியில் வேலை செய்யும் குளிர்நொதி பயன்படுத்தினால் இது குறையும். கொழுப்புச் செல், தசை நார், நரம்புச் செல் போன்றவை துளிக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை அல்லது தொட்டால் உடைபவை. அவற்றுக்குத் திசுவைத் திரவ நைட்ரஜனில் உடனே உறையவைத்து, பிறகு உட்கருவை மட்டும் பிரித்து வாசிப்பார்கள். மருத்துவக் கல்லூரி நோயியல் துறைகளில் அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கும் பாரஃபின் கட்டைகளும் இப்போது பயன்படும். உடைந்த ஆர்என்ஏவிலும் ஒட்டக்கூடிய குறுந்துணுக்குகளைக் கொண்டு வாசிக்கும் முறைகள் வந்துவிட்டன. அந்தக் கட்டை 10 விழுக்காடு நடுநிலை பஃபர் ஃபார்மலினில் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஊறியதாக இருக்க வேண்டும். பஃபர் சேர்க்காத ஃபார்மலினில் வாரக்கணக்கில் கிடந்த கட்டையில் ஆர்என்ஏ தூளாகியிருக்கும்.

எத்தனை செல் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் ஒரு வகையிலிருந்து குறைந்தது 10 செல்லாவது உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்றால் சுமார் 16,000 செல் வாசிக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்று என்றால், 10,000 வாசித்தும் ஒன்றுகூடச் சிக்காமல் போக 37 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அதற்காக ஒரே குழியில் செல்லை அள்ளிக் கொட்டினால் ஒரு துளிக்குள் இரண்டு செல் விழும். பரவலாகப் பயன்பட்ட கருவிகளில் மீட்கும் ஒவ்வொரு 1,000 செல்லுக்கும் 0.8 விழுக்காடு வீதம் இந்த இரட்டைகள் கூடும். 10,000 செல் மீட்டால் 8 விழுக்காடு, அதாவது 800 போலிச் செல். ஒரு டி செல்லும் ஒரு மோனோசைட்டும் ஒரே துளியில் விழுந்தால் இரண்டின் மரபணுவும் ஒரே முகவரியில் வரும். பார்த்தவுடன் "புதிய வகை" என்று துள்ளத் தோன்றும். ஸ்க்ரப்லெட் போன்ற நிரல்கள் இவற்றைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கும், ஆனால் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு செல் இணைந்ததை எந்த நிரலும் மரபணுவை மட்டும் வைத்துச் சொல்லாது. வாசிப்பு ஆழம், அதாவது ஒரு செல்லின் படிகளுக்கு ஒதுக்கும் வாசிப்புகளின் எண்ணிக்கை, செல்லுக்கு 20,000 என்று வைத்தால் 10,000 செல்லுக்கு 20 கோடி வாசிப்பு. செலவில் பெரும்பங்கு இந்த வாசிப்பிலும் துளிக்கருவியின் கிட்டிலும்தான் போகும், ஆகையால் விலைப்பட்டியல் கேட்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஆனால் செல்லின் எண்ணிக்கையைவிட ஆள் எண்ணிக்கைதான் முக்கியம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒருவரிடமிருந்து 50,000 செல் எடுத்தாலும் அது ஒரு மனிதரைப் பற்றிய செய்திதான். மூன்று நோயாளி, மூன்று நலமானவர் என்று எடுத்து, ஒவ்வொரு செல்லையும் தனி ஆள்போல எண்ணிக் கணக்குப் போட்டால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் "மாறியிருப்பதாக" வரும். பெரும்பாலானவை மனிதருக்கு மனிதர் இயல்பாக இருக்கும் வேறுபாடு. சரியான வழி, ஒவ்வொருவருடைய ஒவ்வொரு செல் வகையின் எண்ணிக்கைகளையும் கூட்டி, ஓர் ஆளுக்கு ஓர் எண் என்று ஆக்கி ஒப்பிடுவது. நோயாளிகளின் ரத்தத்தைத் திங்கட்கிழமையும் நலமானவர்களின் ரத்தத்தை வியாழக்கிழமையும் ஓட்டினால் நோயையும் கிழமையையும் பிரிக்க எந்தக் கணிதமும் கிடையாது. இரண்டையும் கலந்து ஓட்டுங்கள். ரத்தம் எடுக்கும் வேளையும் ஒன்றாக இருக்கட்டும்; டி, பி செல்கள் அடங்கிய லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை காலைக்கும் இரவுக்கும் மாறும்.

முடிவு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை மிக எளிமையானவை. பெண்ணின் மாதிரியில் எக்ஸிஸ்ட் மரபணுவும், ஆணின் மாதிரியில் ஒய் நிறப்புரியின் ஆர்பிஎஸ்4ஒய்1 மரபணுவும் தெரிய வேண்டும். மாறியிருந்தால் குழாய் மாறிவிட்டது. வெள்ளணுப் பிரிவில் டி செல் பாதியை ஒட்டியோ சற்று மேலோ, மோனோசைட் பத்து முதல் முப்பது விழுக்காடு, பி செல் ஐந்து முதல் பதினைந்து என்ற அளவில் இருக்கும். இதிலிருந்து வெகுவாக விலகினால் அறிவியலைத் தேடும் முன் கைவேலையைத் தேடுங்கள். டி செல்லுக்கு சிடி3டி, பி செல்லுக்கு எம்எஸ்4ஏ1, மோனோசைட்டுக்கு சிடி14, இயற்கைக் கொல்லி செல்லுக்கு ஜிஎன்எல்ஒய், என்கேஜி7 என்பவை வழக்கமான அடையாள மரபணுக்கள். மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏ 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் செல் செத்துக்கொண்டிருக்கிறது என்று கழிப்பது ரத்தத்துக்குப் பொருந்தும். அதே அளவுகோலை இதயத் தசைக்கு வைத்தால் நல்ல செல்லை எல்லாம் வெளியே எறிந்துவிடுவீர்கள். அங்கே மைட்டோகாண்ட்ரியா நிறைந்திருப்பதே இயல்பு.

நம்பலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. உறுதியானவை இருக்கின்றன. 2018-இல் மூச்சுக்குழாய் உட்பரப்பில், நூறில் ஒன்றுக்கும் குறைவான ஒரு செல் வகையை இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் பழுதாகும் சிஎஃப்டிஆர் மரபணு அந்த அயனோசைட்டில்தான் மிக அதிகமாக இயங்குகிறது. இரண்டு ஆய்வகம், வேறு மாதிரி, நுண்ணோக்கியிலும் உறுதி என்று மூன்று சாட்சி சேர்ந்ததால் அது நிலைத்தது. 2020-இல் கொரோனா வைரஸ் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 மூக்கின் எந்தச் செல்களில் இருக்கிறது என்று சில வாரங்களில் சொல்ல முடிந்தது, ஏற்கெனவே சேர்த்துவைத்த வரைபடங்களால். 2022-இல் 15 பேரின் 24 உறுப்பு, திசுக்களிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் செல்களின் தொகுப்பு வந்தது. ஒரே மனிதரின் பல உறுப்புகளை வாசித்ததே அதன் பலம்.

ஐயத்துக்கு உரியவையும் உண்டு. உடம்பில் மொத்தம் எத்தனை வகைச் செல் என்று யாராவது உறுதியான எண் சொன்னால் ஏற்க வேண்டாம். ஒத்த செல்களைக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கும் நிரலில் நுணுக்கம் என்று ஓர் எண் உண்டு. அதைக் கூட்டினால் கொத்து கூடும், குறைத்தால் குறையும். கொத்து என்பது கணக்கில் வந்த குவியல். வகை என்பது உடம்பில் தனி வேலையும் இடமும் உள்ளது. ஒரே டி செல் ஓய்வில் ஒரு கொத்திலும், தூண்டப்பட்டால் இன்னொரு கொத்திலும் உட்காரும். செல்களைப் புள்ளிகளாகத் தாளில் பரப்பிக் காட்டும் யூமாப் படத்தில் இரண்டு தீவுகளுக்கு நடுவே இருக்கும் தூரத்துக்கும் தீவின் பரப்புக்கும் பொருள் தேடாதீர்கள். பல்லாயிரம் பரிமாணத்தைத் தாளில் நசுக்கியதால் வந்தவை அவை. இந்தச் செல் அந்தச் செல்லோடு பேசுகிறது என்று ஆர்என்ஏவை மட்டும் வைத்து வரையும் அம்புக்குறிகள் ஊகமே, ஏனென்றால் ஆர்என்ஏ இருந்தால் புரதமும் அதே அளவு இருக்கும் என்ற உறுதி இல்லை. இரண்டு செல்லும் பக்கத்தில் இருந்தனவா என்பதும் பிரித்தெடுத்ததிலேயே தொலைந்துவிட்டது. இடத்தோடு சேர்த்து வாசிக்கும் முறைகள் அதற்குத்தான் வந்தன. அவற்றிலும் பரவலான ஒன்றில் ஒரு புள்ளியின் விட்டம் 55 மைக்ரான், அதற்குள் பல செல் அடங்கிவிடும். வரைபடத்தில் இல்லாதது உடம்பில் இல்லாததும் ஆகாது. ரத்த வெள்ளணுவில் பாதிக்கு மேல் இருக்கிற நியூட்ரோபில், ஃபைகால் அடியில் போய், மிஞ்சியதும் உறைநிலையில் மடிந்து, நீங்கள் செய்யப்போகும் படத்தில் ஏறக்குறைய இருக்கவே இருக்காது.

நம் மக்கள் இந்த வரைபடத்தில் இருக்கிறார்களா என்பது நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்வி. பெரும்பாலான மாதிரிகள் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. இதை ஈடுகட்ட ஆசிய நோயெதிர்ப்புப் பன்மை வரைபடம் என்ற முயற்சியில் இந்தியா உட்பட 5 ஆசிய நாடுகளின் 600-க்கும் மேற்பட்டோர் ரத்தச் செல்கள் வாசிக்கப்பட்டன. நலமானவர்களிடையே கூட இனம், வயது, பாலினம் மூன்றும் செல் விகிதங்களை மாற்றுவது அதில் தெளிவாயிற்று. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் டிஎன்ஏவை வாசித்திருக்கிறது. அது வேறு வேலை, தனிச்செல் வாசிப்பு அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும், இங்கே படிப்பவர்களில் நோயாளியின் வீட்டாரும் இருப்பார்கள்: இது இன்று ஆய்வு முறைதான். ரத்தம் கொடுத்தால் எந்தச் செல் கெட்டிருக்கிறது என்று சொல்லி மருந்தெழுதும் சோதனையாக இது வந்துவிட்டதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தொடங்குவதற்கு ரத்தம் தேவையில்லை. பொதுவில் இலவசமாகக் கிடைக்கும் பிபிஎம்சி 3கே தரவில் ஒரு நலமான மனிதரின் 2,700 வெள்ளணுக்கள் இருக்கின்றன. 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். சுராட் என்ற பகுப்பாய்வு மென்பொருளின் பாடத்தின்படி கழித்தால் 2,638 செல் மிஞ்சும், நுணுக்கம் 0.5-இல் 9 கொத்து வரும், அதில் ரத்தத் தட்டுக் கொத்தில் ஏறக்குறைய 15 மட்டுமே இருக்கும். நுணுக்கத்தை 2 என்று மாற்றி அதே செல்கள் எப்படிச் சிதறுகின்றன என்று பாருங்கள். அது கைவந்த பிறகு, உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் போங்கள். சம்மதப் படிவம் தமிழில், கொடுப்பவருக்குப் புரியும் சொற்களில் இருக்க வேண்டும். பெயரை நீக்கினாலும் ஆர்என்ஏ வாசிப்புக்குள் அந்த மனிதரின் மரபணு வேறுபாடுகள் இருக்கின்றன, அதைக் கொண்டு ஆளை அடையாளம் காண வழியுண்டு என்பதையும் அதில் எழுதுங்கள். முதல் சோதனையாக நான் பரிந்துரைப்பது ஒரே ஆளின் ரத்தம் மூன்று குழாய். ஒன்றை 2 மணி நேரத்திலும், அடுத்ததை 8 மணி நேரத்திலும், மூன்றாவதை 24 மணி நேரத்திலும் பிரித்து உறையவையுங்கள். பார்கோடு ஒட்டிய எதிர்ப்புரதத்தால் மூன்றுக்கும் வேறு வேறு அடையாளம் போட்டு ஒரே குழியில் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். ஒரே ஆள் என்பதால் மரபணு வேறுபாட்டை வைத்துப் பிரிக்க முடியாது, இந்த அடையாளம்தான் பிரிக்கும். வைகாசி வெயிலில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை. நம் ஊர் ரத்தம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற எண் உங்கள் கையில் இருக்கும். குழாயில் எடுத்த நேரம், சுழற்றிய நேரம், உறையவைத்த நேரம், அறை வெப்பம் நான்கையும் ஆல்கஹாலில் அழியாத பேனாவால் எழுதுங்கள்.